பட்டத்தின் பற்று வரவு

வணிகன் கடையை மூடுமுன் கணக்கேட்டை விரிக்கிறான். ஒருபுறம் பற்று, மறுபுறம் வரவு. உழவனுக்கு ஏடு இல்லை. ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் கொடுத்தது எவ்வளவு, களத்துமேட்டில் கண்டது எவ்வளவு என்ற கணக்கு அவன் நெஞ்சில் உண்டு. தறியில் அமர்ந்திருப்பவனுக்கும் உண்டு. கணக்குப் பார்ப்பதைக் குற்றமென்று யாரும் கூறுவதில்லை. பாராதவனைத்தான் ஏமாளி என்கிறோம்.

ஆனால் கல்விக்கும் அப்படியோர் ஏடு உண்டா? கற்பதற்குப் பட்ட கடன் இவ்வளவு, கற்றதனால் வந்த ஊதியம் இவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது அறமா? அதிலும், மக்களை ஆளும் முறை பற்றிய கல்வியை, அரசியல் அறிவியலை, அந்தத் தராசில் வைத்து நிறுக்கலாமா?

இது வெறுங்கேள்வியன்று. அமெரிக்காவில் அரசாங்கமே அத்தகைய ஏட்டை அச்சிட்டதுபோல் விரித்து வைத்தது. 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று அதற்குப் பெயர். 2015இல் அந்நாட்டுக் கல்வித்துறை அதனைப் புதிய வடிவில் பொதுமக்கள் பார்வைக்குக் கொணர்ந்தது. 2019 முதல் கல்லூரி கல்லூரியாக மட்டுமன்றிப் பாடம் பாடமாகவும் கணக்கு காட்டியது. இன்ன கல்லூரியில் இன்ன பாடம் பயின்றோர் பட்ட கடன் என்ன, படித்து முடித்தபின் பெறும் ஊதியம் என்ன என்று பதினேழு வயதுப் பிள்ளையும் அவன் தாயும் பார்த்துக்கொள்ளலாம். கணினியும் பொறியியலும் கற்றோர் பக்கத்தில் வரவு கொழுத்திருக்கிறது. அரசியல் அறிவியல் கற்றோர் பக்கத்தில் தொடக்க ஆண்டுகளின் வரவு மெலிந்திருக்கிறது. கடனோ இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. வட்டி பாடம் பார்த்து இரக்கம் காட்டுவதில்லை.

இதைக் கண்டதும் கல்விமான்கள் சிலர் முகம் சுளிக்கின்றனர். "கல்வி வேறு, காசு வேறு. அறிவை ஊதியத்தால் அளப்பது அநாகரிகம்" என்கின்றனர். கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். ஆனால் பேசுவோர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தந்தை கட்டிய வீட்டில் அமர்ந்து, தாத்தா வாங்கிய நிலத்தின் வருவாயில் உண்டு, கடன் என்ற சொல்லை அகராதியில் மட்டுமே கண்டவர்கள். பசித்தவனிடம் பணத்தின் இழிவைப் பேசுவது உண்டவனுக்கு எளிது.

வள்ளுவர் கல்வியை எங்கே வைத்தார்? அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். அதிலும் அரசனின் இலக்கணம் கூறும் இறைமாட்சியை முப்பத்தொன்பதாம் அதிகாரமாக அமைத்து, அதனை அடுத்த நாற்பதாம் அதிகாரமாகக் கல்வியை அமைத்தார். பொருளோடு கல்விக்கு உறவுண்டு. ஆட்சியோடு கல்விக்கு அதனினும் நெருங்கிய உறவுண்டு என்பதை அந்த வைப்புமுறையே காட்டவில்லையா? ஆகவே, ஏழை வீட்டுப் பிள்ளை தன் பட்டத்தின் பற்று வரவைப் பார்ப்பது இழிவன்று, அவன் கடமை. அவன் பாராவிட்டால் அவனுக்காகப் பார்க்க வேறு யாரும் இல்லை.

பார்க்கும்போது சரியாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் இந்தக் கணக்கில் கண்ணை மயக்கும் எண்கள் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத்துறை 'அரசியல் அறிவியலாளர்' என்ற தொழிலுக்கு 2023ஆம் ஆண்டுக்குக் குறித்த ஊதியம் ஆண்டுக்கு 1,30,000 டாலருக்கும் மேல். பலரை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் பெறுவது அது. அடேயப்பா என்று வியந்து பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாமா? கூடாது. அந்நாடு முழுவதிலும் அத்தொழிலில் இருப்போர் ஆறாயிரம் ஏழாயிரம் பேரே. அவர்களுள் பெரும்பாலோர் இளங்கலைக்கு மேலும் பயின்றோர். பாதிக்கு மேற்பட்டோர் நடுவண் அரசின் பணியினர். ஆண்டுதோறும் இளங்கலைப் பட்டம் பெற்று வெளியே வருவோரோ பல்லாயிரவர். அவர்கள் அலுவலக உதவியாளராகவும், விற்பனையாளராகவும், ஆசிரியராகவும், நகராட்சி ஊழியராகவும், செய்தியாளராகவும் சிதறுகின்றனர். மருத்துவம் படித்தவன் மருத்துவனாகிறான். அரசியல் அறிவியல் படித்தவன் அரசியல் அறிவியலாளன் ஆவதில்லை. பட்டத்தின் பெயரும் தொழிலின் பெயரும் ஒன்றாக இருப்பதே ஒரு கண்கட்டு.

இனிப் பற்றுப் பக்கம். அங்கே இளங்கலை முடிப்போரில் சற்றேறக்குறையப் பாதிப்பேர் கடனோடு வெளியேறுகின்றனர். அரசுக் கல்லூரியில் படித்துக் கடன்பட்டவர்களின் சராசரிக் கடன் 30,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. கணக்குக்காக 27,000 டாலர் என்றும், வட்டி நூற்றுக்கு ஐந்தரை என்றும், தவணை பத்தாண்டு என்றும் வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் 293 டாலர் கட்டவேண்டும். பத்தாண்டு முடிவில் கட்டிய தொகை 35,000 டாலருக்குச் சற்று மேல். நல்ல வேலையில் அமர்ந்தவனுக்கு இது சுமையே அன்று. வீட்டு வாடகையைக் கொடுத்துவிட்டு விரலை எண்ணுகிறவனுக்கோ இது ஒவ்வொரு மாதமும் வந்து கதவைத் தட்டும் பாடகனற்ற பல்லவி.

எனவே கடன் வாங்குமுன் கற்கவேண்டிய பாடங்கள் சில உண்டு. கல்லூரி பலகையில் எழுதிய கட்டணத்தைப் பாராதே. உதவித்தொகை போக நீ உண்மையில் கொடுக்கவேண்டியது எது என்று பார். அரசு தரும் கடனையும் தனியார் வங்கி தரும் கடனையும் ஒன்றென்று எண்ணாதே. வருவாய் குறைந்தால் தவணையைக் குறைக்கும் வழி முன்னதில் உண்டு, பின்னதில் அரிது. பட்டத்தை முடிக்காமல் பாதியில் விட்டவனின் கடனே மிகக் கொடியது; அவனுக்குப் பற்று மட்டும் உண்டு, வரவு இல்லை. இளங்கலைக்குப்பின் சட்டக் கல்லூரி என்று கனவு காண்பவன் இரண்டு கடனையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். அரசியலோடு புள்ளியியலையோ, கணக்கியலையோ, இன்னொரு மொழியையோ சேர்த்துக் கற்றவனுக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். இவை யாவும் வீட்டுக் கணக்கு. வீட்டுக் கணக்கில் நாம் எவருக்கும் குறைந்தவர்களாக இருக்கவேண்டியதில்லை.

ஆனால் வீட்டின் கணக்கு வேறு. நாட்டின் கணக்கு வேறு. குழப்பம் விளைவது இங்கேதான். தாய் தன் மகளிடம், "இந்தப் படிப்பால் கடன் அடையுமா?" என்று கேட்கலாம். அது அன்பின் கேள்வி. அதே கேள்வியை அரசாங்கம் கேட்கத் தொடங்கினால் அது அன்பா? "கடனை அடைக்க முடிந்தவன் மட்டும் ஆட்சிமுறை படிக்கட்டும்" என்று ஒரு நாடு தீர்மானித்தால், நாளை அந்த நாட்டை ஆள்வோர் யார்?

எப்போதும் அப்படி இருந்ததா? இல்லை. நியூயார்க் நகரில் 1847இல் ஏழைகளுக்கென 'இலவசக் கல்விக்கழகம்' நிறுவப்பட்டது. அதுவே பின்னர் சிட்டி காலேஜ் ஆயிற்று. வியன்னாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துச் சிறுவன் பெலிக்ஸ் பிராங்பர்ட்டர் கட்டணமின்றி அங்கே படித்து 1902இல் பட்டம் பெற்றார். 1939இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்ந்தார். அந்த நகரம் தன் கல்லூரிகளில் கட்டணமில்லா முறையை 1976இல் கைவிட்டது. நகரின் கருவூலம் வறண்டது காரணம் என்றனர். வறட்சி முதலில் தாக்கியது எந்த வயலை என்று பார்த்தீர்களா? ஏழையின் வயலை!

1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்கோஸ் நகரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது அவர் படித்த கல்லூரி. படிப்புச் செலவுக்குப் பணமில்லாமல் இடையில் நிறுத்தி, கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிக்கக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஆசிரியராக இருந்து ஈட்டிய பொருளில் தம் படிப்பைத் தொடர்ந்தவர் அவர். வறுமையால் எந்தப் பிள்ளைக்கும் கல்லூரிக் கதவு அடைபடலாகாது என்பது சட்டத்தின் நோக்கம். நோக்கம் தூயது. உதவித்தொகை, கடன் என்ற இரு கைகளால் அந்தச் சட்டம் ஏழையைத் தூக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கட்டணம் ஏற ஏற, உதவித்தொகை என்ற கை சூம்பிற்று. கடன் என்ற கை பருத்தது. அறுபதாண்டில் அந்தக் கை சேர்த்த சுமை என்ன? நடுவண் அரசுக்கு மாணவர் கடன்பட்டோர் நாலுகோடி இருபது லட்சத்துக்கும் மேல். தொகை ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

அதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. வணிகன் நொடித்தால் நீதிமன்றம் சென்று 'என்னால் இயலாது' என்று மஞ்சள் கடுதாசி கொடுக்கலாம். சூதாட்ட விடுதி கட்டி நட்டப்பட்டவனும் கொடுக்கலாம். படிக்கக் கடன் வாங்கியவன்? 1976இல் இயற்றிய சட்டம் முதல் ஐந்தாண்டுக்கு அந்த வழியை அடைத்தது. 1998இல் கால வரம்பே நீக்கப்பட்டது. 2005இல் தனியார் தந்த கல்விக் கடனுக்கும் அதே பூட்டுப் போடப்பட்டது. தாங்கவொண்ணாத் துயரம் என்று மெய்ப்பித்தால் மட்டுமே விடுதலை; மெய்ப்பிப்பதோ மிகக் கடினம். ஆசையால் பட்ட கடனுக்கு மன்னிப்பு. அறிவால் பட்ட கடனுக்கு மன்னிப்பில்லை! இந்த நீதியை எந்தத் தராசு நிறுத்தது?

மறுப்போர் வாதத்தையும் கேட்போம். வலிமையற்ற வாதம் அன்று அது. "கல்லூரிப் படியேறாத கொத்தனாரின் வரிப்பணத்தில், நாளை அவரைவிடப் பன்மடங்கு சம்பாதிக்கப்போகும் வழக்கறிஞரின் கடனை அடைப்பது நியாயமா?" என்கின்றனர். குடியரசுத் தலைவர் பைடன் 10,000 டாலர் வரையிலும், வறியோர்க்கு 20,000 டாலர் வரையிலும் தள்ளுபடி செய்ய முனைந்தார். 2023 ஜூன் 30இல் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதனைத் தடுத்தது. சட்டம் அவருக்கு அவ்வளவு அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பு. கொத்தனாரின் வாதமோ நாடெங்கும் ஒலித்தது.

கொத்தனார்க்கு நாம் என்ன விடை கூறுவது? முதலில், அவர் கேட்பது நியாயம் என்று ஒப்புவோம். கல்வியால் பெருஞ்செல்வம் ஈட்டியவன் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் எப்படி? ஈட்டியபின் ஈட்டியதற்கேற்ப வரியாக, வருவாய்க்கு ஏற்ற தவணையாக. கோடி ஈட்டும் வழக்கறிஞனுக்கும், சிற்றூரில் ஏழைகளின் வாடகை வழக்கை நடத்தித் தரும் வழக்கறிஞனுக்கும் ஒரே சுமையை ஏற்றுவதைத்தான் நாம் அநீதி என்கிறோம். 2007இல் அந்நாடே ஒரு வழி கண்டது. அரசுப் பணியிலோ, இலாபம் கருதாத் தொண்டிலோ இருந்துகொண்டு நூற்றிருபது மாதத் தவணை கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடி என்றது. தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பித்தோரில் மிகப் பெரும்பாலோரைத் தாள்களின் குற்றம் கூறித் திருப்பி அனுப்பினர். முறை திருத்தப்பட்டபின், 2024 அக்டோபருக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் விடுதலை பெற்றனர். பணத்தால் அடைக்க இயலாதவன் பணியால் அடைக்கலாம் என்ற கொள்கை அதில் இருக்கிறது. அது நல்ல கொள்கை.

இரண்டாவதாகக் கொத்தனாரிடம் கேட்போம்: ஐயா, உமக்குக் கூலி எவ்வளவு, சாரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு எவ்வளவு, உம் தெருவுக்குக் குடிநீர் எப்போது என்று தீர்மானிப்பது யார்? சட்டமன்றம். அந்த மன்றத்தில் சட்டத்தை எழுதுவோர், எழுத உதவுவோர், எழுதியதை நடத்துவோர் எவர் வீட்டுப் பிள்ளைகள்? உம் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லையென்றால், உமக்காக அங்கே பேசுவது யார்? ஆட்சிக்கலை செல்வர்க்கே உரியதானால் நட்டப்படுவது அந்தப் பிள்ளை மட்டுமன்று, நீரும்தான்.

இது கற்பனை அச்சமன்று. வாஷிங்டனில் அரசியல் பயிலவரும் இளைஞர் ஊதியமின்றிச் சில திங்கள் பணிசெய்வது நெடுங்கால வழக்கம். அந்தச் சில திங்களே பின்னாளில் பெரிய கதவுகளுக்குத் திறவுகோல். தலைநகரில் வாடகை கொடுத்து, கூலியின்றி உழைக்க யாரால் முடியும்? வெள்ளை மாளிகையே தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது 2022இல்தான்! அதுவரை, அந்த வாயிலில் தகுதித் தேர்வுக்கு முன்பே ஒரு செல்வத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

கடனும் நிறம் பார்க்கிறது. 2008இல் பட்டம் பெற்றோரைப் பற்றிப் புரூக்கிங்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதைக் கேளுங்கள். பட்டம் பெற்ற நான்காண்டுக்குப்பின் வெள்ளையர் தலைக்குச் சராசரிக் கடன் ஏறத்தாழ 28,000 டாலர். கறுப்பினத்தவர் தலைக்கு ஏறத்தாழ 53,000 டாலர். ஒரே பட்டம், இருமடங்குக்கு நெருங்கிய சுமை. ஏன்? வெள்ளையன் வீட்டில் பாட்டன் சேர்த்த வீடு உண்டு; கறுப்பினத்தவன் வீட்டில் பாட்டனே பிறர் சொத்தாக இருந்த வரலாறு உண்டு. மேற்படிப்புக்கு அவன் மேலும் கடன்படுகிறான். வட்டி வட்டியாகக் குட்டி போடுகிறது. பழைய அநீதி புதிய கணக்கேட்டில் வட்டியாக வந்து நிற்கிறது.

2025 ஜூலை 4இல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம் ஊதியத் தராசைச் சட்டமாகவே ஆக்கியது. ஒரு பாடத்தில் பட்டம் பெற்றோரின் ஊதியம், பள்ளிப் படிப்போடு நின்றவர் ஊதியத்தையும் எட்டவில்லையென்று மூன்றாண்டில் இரண்டாண்டு தெரியவந்தால், அப்பாடத்துக்கு நடுவண் அரசின் கடன் இல்லை என்றது. போலிக் கல்லூரிகளின் வலையிலிருந்து பிள்ளைகளைக் காக்க இது உதவலாம், மறுக்கவில்லை. அதே சட்டம் மேற்படிப்புக் கடனுக்கும் 2026 ஜூலை முதல் உச்சவரம்பு குறித்தது: பொதுப் பாடங்களுக்கு 1,00,000 டாலர், சட்டம் மருத்துவம் போன்றவற்றுக்கு 2,00,000 டாலர். கட்டணம் இறங்கினால் அது நன்மை. கட்டணம் இறங்காவிட்டால், குறையும் தொகைக்குத் தந்தையின் பையைத் துழாவ வேண்டும். தந்தையின் பை வெறும்பை என்றால் தனியார் வட்டிக்கடையை நாடவேண்டும்.

மனு இன்னார்க்குக் கல்வி, இன்னார்க்கு இல்லை என்று ஓலையில் எழுதினான். இன்று எவரும் அப்படி எழுதுவதில்லை. 'யாரும் படிக்கலாம், கட்டணத்தைக் கட்டு' என்று எழுதுகின்றனர். சொல் மாறிற்று, வாயிலில் நிற்கும் காவலன் மாறவில்லையென்றால் என்ன பயன்?

இந்த இடத்தில் ஒரு மாணவரை நினைக்கவேண்டும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையோடு நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் புலத்தில் பொருளாதாரத்தை முதன்மையாகப் பயின்று, 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார் அம்பேத்கர். உதவித்தொகைக்கு ஈடாகப் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம். கடனைத் தீர்க்க அவர் மறுத்தாரா? இல்லை. 1917இல் பணியேற்கச் சென்றார். கொலம்பியாவில் கற்ற அந்த மேதைக்கு பரோடா நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை! வேறு பெயரில் பார்சி விடுதியொன்றில் தங்கினார். கையில் தடியோடு கூட்டமாக வந்தோர் அவரை வெளியேற்றினர். பணியைத் துறந்து பம்பாய் திரும்பினார்.

பரோடா கணக்கர் கண்ணுக்கு அது என்ன? பத்தாண்டு என்று ஒப்பந்தம். பணியோ சில நாட்கள். வாராக்கடன்! ஆனால் முப்பதாண்டு கழித்து, 1947இல், அந்த 'வாராக்கடன்' இந்திய அரசியல் சட்ட வரைவுக்குழுவின் தலைவராக அமர்ந்தது. தீண்டாமையை ஒழித்த சட்டத்தை வரைந்தது. அந்த வரவை எந்த ஏட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? எத்தனை டாலர் என்று குறிப்பது? அவர் சமூகத்துக்குக் கடன்பட்டாரா, சமூகம் அவருக்குக் கடன்பட்டதா?

நம் மாநிலத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை உண்டு. காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வறுமை போக்க நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இளைஞர் ஒருவர், பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அவரே 1967இல் தமிழகத்தின் முதலமைச்சரான அறிஞர் அண்ணா. நூலிழையை எண்ணிய குடும்பத்திலிருந்து நாடாளும் நூலைக் கற்றவர் வந்தார். அவர் வழிவந்த ஆட்சிகளில் கல்விக் கட்டணம் படிப்படியாகச் சரிந்தது. 2006க்கும் 2011க்கும் இடைப்பட்ட கலைஞர் ஆட்சியில் அரசுக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றது. 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண்பிள்ளைகளுக்கும் அதை விரித்தது. படிப்பவனிடம் வட்டி கேட்பதற்கு மாறாக, படிப்பவளுக்குப் பணம் தருவது! கணக்கர் இதைச் செலவென்பர். நாம் விதைநெல் என்போம்.

ஆயினும் நம்மிடமும் ஒரு நோய் உண்டு. 'பொறியியல் கிடைக்காதவன் எடுக்கும் பாடம்' என்று அரசியல் அறிவியலை எள்ளும் நோய். வேலை தராத படிப்பு என்று எள்ளுவோர், வேலைகளையெல்லாம் தீர்மானிக்கும் துறை அது என்பதை மறந்தனர். எல்லோரும் அதையே படிக்கவேண்டும் என்பதன்று. படிக்க விரும்பும் ஏழைப்பெண், கடனுக்கு அஞ்சி விலகும் நிலை கூடாது என்பதே.

எனவே, மாணவர்க்கு ஒரு சொல், அரசுக்கு ஒரு சொல். மாணவனே, கணக்குப் பார், கூச்சப்படாதே, ஏமாறாதே. உன்னால் அடைக்கக்கூடிய கடனுக்கு மேல் ஒரு காசும் வாங்காதே. ஆனால் கணக்கு முடிந்தபின், ஊதியம் மெலிந்த பாடம் என்பதற்காக உன் மனம் நாடும் கல்வியை இழிந்தது என்று எண்ணாதே.

அரசே, நீயும் கணக்குப் பார். ஆனால் உன் ஏடு வட்டிக்கடைக்காரனின் ஏடன்று. வட்டிக்கடைக்காரனுக்குக் கடன் திரும்ப வந்தால் போதும். உனக்கோ, அறிந்து வாக்களிக்கும் குடிமகனும், அஞ்சாமல் கேள்வி கேட்கும் குடிமகளும், எளியோர் வீட்டிலிருந்து எழுந்துவரும் ஆட்சியாளரும் வரவுப் பக்கத்தில் வந்தாகவேண்டும். அந்த வரவு இல்லாத நாட்டில் கருவூலம் நிறைந்திருந்தாலும் அது நொடித்துப்போன நாடே.